ஓட்டிப் பார்க்காத எஞ்சினோடு ஒரு பழைய வள்ளம்: வாங்கலாமா, விடலாமா?

ராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டிலிருந்து ஒரு தம்பி போன வாரம் ஆறு புகைப்படங்கள் அனுப்பியிருந்தார். ஐந்தில் வள்ளம், ஒன்றில் எஞ்சின். அந்த ஒன்றிலும் தெரிந்தது நீலத் தார்ப்பாயும் அதைக் கட்டியிருந்த கயிறும் கயிற்றின் மேல் காய்ந்துபோன காக்கை எச்சமும்தான். "நன்றாக ஓடிய எஞ்சின்தானாம் அண்ணே, ஒரு வருடமாக நிற்கிறது, அவ்வளவுதான் என்கிறார்கள். இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காதாம். வாங்கவா?" என்று கேட்டிருந்தார்.

தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் வாலிநோக்கத்திலிருந்தும் இதே கேள்வி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பிறர் வள்ளத்தில் பத்து வருடம் பங்குக்குப் போய்ச் சலித்தவர்கள் ஒரு வகை. வெளிநாட்டில் சம்பாதித்த கொஞ்சம் காசோடு ஊர் திரும்பியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்குக் கடல் தெரியும், கையில் பணம் இருக்காது. இரண்டாம் வகையினருக்குப் பணம் இருக்கும், பொறுமை இருக்காது. விலை மலிந்த வள்ளம் இரு சாராரையும் ஒரே வேகத்தில் இழுக்கிறது.

நான் பட்டறைக்காரன் அல்ல. ஒரு காலத்தில் வள்ளம் வைத்திருந்தவன். அதைவிட அதிகமாக, மற்றவர்கள் வள்ளம் வாங்கப் போகும்போது கூடப் போனவன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். 20, 30 அடி நாட்டுப்படகு, பைபர் வள்ளம் வாங்குபவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். லேலண்ட் எஞ்சின் பூட்டிய விசைப்படகின் கணக்கு வேறு. அதைப் போகிற போக்கில் தொடுவேன்.

## எதை வைத்து எடைபோடுவது

விற்பவர் சொல்லும் விலையை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய தொகை, முன்பணம் கொடுக்கும் நாளிலிருந்து உங்கள் மீன் முதன்முதலாக ஏலத்துக்கு வரும் நாள் வரை கையைவிட்டுப் போகும் மொத்தப் பணம். மெக்கானிக் கூலி, உதிரி பாகம், வள்ளத்தைக் கட்டி இழுத்துவரும் செலவு, நகையை அடகு வைத்திருந்தால் அதன் வட்டி எல்லாம் அதற்குள் வரும்.

இரண்டாவது, நாள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த நான்கில் இரண்டு நாள் எஞ்சின் பட்டறையில் கிடந்தால் அந்த வாரம் பாதியாகிவிடுகிறது. காற்றும் ஊருக்கு ஊர் வேறு. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றின் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்). உங்கள் ஊர் எந்தக் கடலைப் பார்க்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஒரு மாதத் தாமதம் உங்களைக் கடிக்குமா கடிக்காதா என்பது தெரியும்.

மூன்றாவதுதான் இந்தக் கரைக்கே உரியது. எஞ்சின் நின்றால் எங்கே நிற்கும்? வேறு கரைகளில் எஞ்சின் நின்றால் ஒரு நாள் பிழைப்பு போகும், துடுப்புப் போட்டோ பக்கத்து வள்ளத்தில் கயிறு கட்டியோ வந்துவிடலாம். இங்கே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்களின்படி வரைந்த எல்லைக் கோடு அதற்குள்தான் ஓடுகிறது. இரவில் நின்றுபோன வள்ளம் நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பது விடிந்த பிறகுதான் தெரியும். எஞ்சின் பழுது என்று சொல்லித் தப்பியவர்கள் உண்டு. சொல்லியும் சிறைக்குப் போனவர்கள் உண்டு, வள்ளம் அங்கேயே தங்கிவிட்டதும் உண்டு. ஆகவே எஞ்சின் விஷயத்தில் நம் ஆட்கள் கொடுக்கும் விலையில் பணம் ஒரு பகுதிதான்.

நான்காவது காகிதம், அதாவது வள்ளத்தின் பதிவு ஆவணங்கள். ஐந்தாவது, மூன்று வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது யார் வாங்குவார்கள் என்பது. காகிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## முதல் வழி: இருக்கிறபடியே வாங்கிவிடுவது

எல்லோரும் நினைப்பதுபோல இது முட்டாள்தனமான வழி அல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் ரூபாயில் சொல்லவில்லை. அதே வயது, அதே நீளம், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வள்ளத்தின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் போட்ட எஞ்சினோடு உங்களிடம் வரும் வள்ளத்துக்கு 65 கேட்கிறார்கள். எஞ்சின் இல்லாத வெறும் வள்ளம் 50 பெறும். புது எஞ்சின் வாங்கிப் பூட்ட 45 ஆகும். பழைய எஞ்சினை இரும்புக் கடையில் போட்டால் 3 கிடைக்கும்.

எஞ்சின் செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 65 கொடுத்தீர்கள், 45 போட்டுப் புதிது பூட்டினீர்கள், 3 திரும்பி வந்தது. மொத்தம் 107. ஓடும் பழைய எஞ்சினுக்கு 100 கொடுப்பதைவிட 7 அதிகம். ஆனால் உங்கள் வள்ளத்தில் இருப்பது உத்தரவாதச் சீட்டோடு வந்த புது எஞ்சின். இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

எஞ்சின் நன்றாக இருந்துவிட்டால் 65லேயே முடிந்தது. லாபம்.

ஆக, செத்த எஞ்சினும் பயமில்லை, நல்ல எஞ்சினும் பயமில்லை. பயப்பட வேண்டியது அரை உயிர் எஞ்சினுக்கு. அதுதான் வீட்டைச் சாப்பிடும்.

என்னுடைய இரண்டாவது வள்ளம் அப்படிப்பட்டது. ஹேண்டில் போட்டு மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. விற்றவர் முகத்திலேயே ஆச்சரியம் தெரிந்தது; அதைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். முதல் வாரம் பிரமாதம். இரண்டாவது வாரம் ஒரு மணி நேரம் ஓடியதும் மூச்சு வாங்கியது. இன்ஜெக்டர் என்றார்கள், மாற்றினேன். பிறகு டீசல் பம்ப் என்றார்கள், கழற்றினேன். நின்று, குளிர்ந்து, மறுபடி ஓடும். நண்டு வலை போட்டுவிட்டு எடுக்கப் போக முடியாமல் இரண்டு தடவை வலையே போயிற்று. நான்காவது மாதம் ஒரு கிழட்டு மெக்கானிக் ஆயில் குச்சியை உருவி வெயிலில் சாய்த்துப் பிடித்தார். மோரில் கரி கலந்தது மாதிரி இருந்தது. அவர் அதை விரலில் தேய்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் திட்டு எதுவும் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) மயிரிழை விரிசல். சூடானால் விரியும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். அந்த நான்கு மாதத்தில் பட்டறைக்குக் கொடுத்ததில் பாதிப் புது எஞ்சின் வந்திருக்கும். போன நாட்களைச் சேர்த்தால் முழு எஞ்சினே வந்திருக்கும்.

அரை உயிர் எஞ்சின் உங்களை முடிவெடுக்க விடாது. ஒவ்வொரு தடவையும் கேட்பது சின்னத் தொகைதான். 'இதுவரை போட்டாயிற்று, இதை மட்டும் போட்டுவிடுவோம்' என்று தோன்றும்.

அதனால் இந்த வழி யாருக்குச் சரி? எஞ்சின் செத்தது என்று வைத்துப் போட்ட கணக்கின் மொத்தப் பணமும், அதாவது 65ம் 45ம் சேர்ந்த 110ம், கையில் இருப்பவருக்கு. வீட்டிலேயே எஞ்சின் வேலை தெரிந்த ஆள் இருப்பவருக்கு. இரண்டு மாதம் கடலுக்குப் போகாவிட்டாலும் அடுப்பு எரியும் என்பவருக்கு. இந்த மூன்றில் முதலாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் போதாது. 65 மட்டும் புரட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கடல் மாதா பார்த்துக்கொள்வாள் என்று இறங்குபவர்தான் அரை உயிர் எஞ்சினிடம் மாட்டுகிறார். புதிது வாங்க அவரிடம் பணம் இருக்காது, விட்டுவிடவும் மனம் வராது.

## இரண்டாவது வழி: சோதித்துப் பார்த்துப் பணம் கொடுப்பது

'சோதிக்காத எஞ்சின்' என்பது எஞ்சினின் குணம் அல்ல, விற்பவரின் முடிவு. ஒரு நாள் வேலையில் சோதித்துவிடக்கூடிய பொருளை ஏன் சோதிக்காமல் விற்கிறார்? காரணம் நேர்மையானதாகவும் இருக்கலாம். உரிமையாளர் காலமாகி, விதவைப் பெண் விற்கிறார்; பிள்ளைகள் வெளியூரில். இப்படிப் பல நல்ல வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன. மற்ற சமாதானங்களைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள்.

"பேட்டரி இல்லை" என்றால் நாம் கொண்டுபோகலாம். "டீசல் இல்லை" என்றால் ஐந்து லிட்டர் கேன் போதும். "தடைக்காலம்" என்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குச் செல்லும் சமாதானம். உண்மையும்கூட, கரையேற்றி வேலை பார்க்கும் படகைக் கடலில் ஓட்டிக்காட்ட முடியாது. அதே 61 நாட்களில்தான் அதன் அடிப்பாகத்தை நன்றாகப் பார்க்கவும் முடியும் என்பது வேடிக்கை. ஆனால் வள்ளத்துக்குத் தடைக்காலத்தைச் சாக்காகச் சொன்னால் நம்பாதீர்கள். "சோதித்துவிட்டால் விலை ஏறிவிடும், உனக்காகத்தான் இப்படியே தருகிறேன்" என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

போவது விடியற்காலையில் போங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். போனதும் பேசத் தொடங்கும் முன் கையை ஹெட்டின் மேல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன் ஒரு தடவை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் சோதிக்காத எஞ்சின் என்பதும் பொய். நல்ல டீசல் எஞ்சின் நம் ஊர் வெப்பத்தில் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். இம்மியும் அசையவில்லை என்றால் உப்புக் காற்றில் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. தடையே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினாலும் கெட்டதுதான், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) இல்லை. அவுட்போர்டு மோட்டாரில் (வள்ளத்தின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) இழுகயிற்றை மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு முட்டல் கையில் தெரிய வேண்டும். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவுக் கோட்டுக்கு மேல் ஆயில் நின்றால் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர் இறங்கியிருக்கும். அவுட்போர்டில் கியர் பெட்டியின் அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டினாலோ, வருவது பால் மாதிரி வெளுத்திருந்தாலோ, அங்கே சீல் போயிருக்கிறது.

அவுட்போர்டைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் ரப்பர். உலர்ந்து ஓடினால் நொடிகளில் கருகும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நன்னீர் நிரப்பி, மோட்டாரின் அடிப்பகுதியை அதற்குள் இறக்கி ஓட்டுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்னத் தாரை பீய்ச்ச வேண்டும். ஒரு வருடம் நின்ற எஞ்சினில் இம்பெல்லரின் இறக்கைகள் மடங்கியபடியே விறைத்திருக்கும். அது இயல்பு, செலவும் குறைவு, அதற்காக வள்ளத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புது இம்பெல்லர் போட்டும் தாரை வராவிட்டால் உள்ளே நீர்ப்பாதை உப்புக் கட்டி அடைத்திருக்கிறது. அதை நினைத்து விலை பேசுங்கள்.

டீசலில் புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. இன்ஜெக்டரோ, காற்று வடிகட்டியோ, எஞ்சினுக்கு மீறிய சுமையோ. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வளையம் தேய்ந்திருக்கிறது. வெள்ளை ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வந்து மறைந்தால் பரவாயில்லை, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எனக்கு வந்தது அந்த வெள்ளைதான். பனி என்று நினைத்தேன்.

கரையில் ஓடுவது பாதிச் சோதனை. சுமை இல்லாமல் எந்த எஞ்சினும் பாடும். வலை, ஐஸ் பெட்டி, நான்கு ஆள் ஏற்றி ஒரு மணி நேரம் முழு வேகத்தில் இழுக்க வேண்டும். என் விரிசல் ஹெட் அந்த ஒரு மணி நேரத்தில் மாட்டியிருக்கும். கடலுக்கு எடுக்கவே முடியாது என்றால், வள்ளத்தைப் படகுத்துறைத் தூணில் தடித்த கயிற்றால் கட்டிவிட்டு கியரில் போட்டுப் பத்து நிமிடம் இழுக்க விடலாம். முழுப் பரீட்சை ஆகாது, ஆனால் பல பொய்கள் அங்கேயே வெளிவந்துவிடும்.

இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். இந்த எஞ்சின் எப்போதாவது மூழ்கியிருக்கிறதா? 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் இறைக்க ஆள் போகாத வள்ளம் நங்கூரத்திலேயே அமிழ்ந்துவிடும். மூழ்கிய எஞ்சினை உடனே நன்னீரில் கழுவி, ஆயில் மாற்றி, ஓட்டி உலர்த்தினால் பிழைக்கும்; "வெயிலில் காயட்டும்" என்று விட்டால் பேரிங்குகளைத் துரு தின்றுவிடும். இரண்டாவது கேள்வி, எந்தக் கடலில் ஓடியது? வடகடல் ஆழம் குறைந்தது. சேற்று மணலையும் கடல் புல்லையும் உறிஞ்சிப் பம்ப் தேயும். தென்கடலில் தீவோரப் பார்களில் (பவளப் பாறைத் திட்டுகளில்) புரொப்பல்லர் தட்டியிருக்கும். அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள்.

இந்த வழியின் மறைசெலவு சின்னது: மெக்கானிக்கின் ஒரு நாள் கூலி, பேட்டரி வாடகை, டீசல், இம்பெல்லர். எஞ்சின் தேறாவிட்டால் அந்தப் பணம் போனதுதான். அதைவிடப் பெரிய செலவு, நீங்கள் சோதித்துச் சரிசெய்து கொடுத்த எஞ்சினைக் காட்டி அவர் வேறு ஆளிடம் கூடுதல் விலைக்கு விற்றுவிடுவது. எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது. ஆகவே சோதனைக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எஞ்சின் சுமையோடு ஒரு மணி நேரம் ஓடினால் இந்த விலை, ஓடாவிட்டால் இந்த விலை, முன்பணம் இவ்வளவு, இத்தனை நாளுக்கு வேறு யாருக்கும் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் எழுதினால் போதும், வக்கீல் தேவைப்படாது. எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

## மூன்றாவது வழி: வள்ளத்தை மட்டும் வாங்கிப் புது எஞ்சின் பூட்டுவது

விற்பவரிடம் நேராகச் சொல்வது: "எஞ்சினுக்கு இரும்பு விலை. வள்ளத்துக்கு மட்டும் பேசுவோம்." சிலர் கோபப்படுவார்கள். சிலர் "அப்படியானால் எஞ்சினை நானே வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். அப்படிச் சொல்பவர் எஞ்சினை நம்புகிறார் என்று பொருள், உடனே இரண்டாவது வழிக்குத் தாவுங்கள்.

இந்த வழியில் வள்ளம்தான் எல்லாம் என்பதால் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும், சொல்லின் நேர்ப்பொருளிலேயே. பைபர் வள்ளத்தின் உடம்பை ஒரு நாணயத்தால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்கும் இடம் நல்ல இடம். 'தொப்' என்று மழுங்கினால் பைபர் படலங்கள் பிரிந்திருக்கின்றன, அல்லது உள்ளே இருக்கும் மரம் ஊறியிருக்கிறது. அவுட்போர்டு மாட்டும் பின்பலகையை மட்டும் இரண்டு முறை தட்டுங்கள். அதற்குள் இருக்கும் பிளைவுட் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் குடித்து உளுத்துப்போவது மிகச் சாதாரணம். வெளியே பெயிண்ட் பளபளக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. அவசரத்தில் வார்த்தவை கனம் குறைவாக இருந்ததும் உண்டு. ஆகவே வள்ளத்தின் வயதையும் வார்த்த இடத்தையும் கேளுங்கள். மர வள்ளம் என்றால் ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டிய பலகைகளில் கத்தி முனையால் குத்துங்கள். கடல் புழு துளைத்த பலகை வெளியே முழுதாக இருக்கும், கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். பலகை இடுக்கில் திணிக்கும் கலப்பத்துப் பஞ்சு புதிதாக ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அங்கே ஏன் ஒழுகியது என்று கேளுங்கள்.

இதன் மறைசெலவு எஞ்சின் விலைப்பட்டியலில் வராது. பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த படுக்கை புதிதுக்குப் பொருந்தாது. ஷாஃப்ட் நேர்கோட்டில் அமராவிட்டால் மூன்று மாதத்தில் அதிர்வு தாங்காமல் எல்லா நட்டும் கழலும். புரொப்பல்லர் மாற்ற வேண்டியிருக்கும். கூடுதல் குதிரைத்திறன் மோகத்தில் பெரிய எஞ்சினை மாட்டினால் பழைய பின்பலகை தாங்காது. மானியத்தில் எஞ்சின் வாங்கும் திட்டம் மீன்வளத்துறையில் உண்டு. ஆனால் அதற்கு வள்ளம் முதலில் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், பிறகு வரிசை. மானியத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கிவிடாதீர்கள்.

எல்லைக்கு அருகே இரவுத்தொழில் செய்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த வழியைத்தான். கரையோரம் இரண்டு பாக (சுமார் 12 அடி) ஆழத் தண்ணீரில் நண்டு வலை போடுபவருக்கு இது ஆடம்பரம்.

## நான்காவது வழி: ஓடிக்கொண்டிருக்கும் வள்ளத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குவது

பணம் அளவாக இருப்பவருக்கு, விலை கூடுதலாகத் தோன்றினாலும், இதுதான் சிக்கனம். நேற்றுக் கடலுக்குப் போய்வந்த வள்ளம் நாளையும் போகும் என்பதற்கு ஓரளவு உத்தரவாதம் இருக்கிறது. வாங்கிய வாரத்திலேயே ஏலத்தில் உங்கள் கூடை நிற்கும்.

ஆனால் ஓடுகிற வள்ளத்தை ஒருவர் ஏன் விற்கிறார் என்ற கேள்வி இங்கேயும் உண்டு. அவரைக் கேட்காதீர்கள். அதில் பங்குக்குப் போன ஆட்களைத் தேநீர்க் கடையில் பாருங்கள். "எப்போதாவது கயிறு கட்டி இழுத்து வந்தீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும். அவர்களுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. பாக்கிப் பங்குப் பணம் இருந்தால் உண்மையைக் கொஞ்சம் காரமாகவே சொல்வார்கள். சோதனைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். ஓடும் எஞ்சின் என்பதற்காக ஆயில் குச்சியை உருவாமல் வராதீர்கள்.

## ஐந்தாவது வழியும் இருக்கிறது

இந்த வருடம் வாங்காமல் இருப்பது. அல்லது நம்பிக்கையான ஒருவரோடு பாதிப் பங்கில் சேர்வது. பங்காளித்தனத்தில் எஞ்சின் செலவை யார் போடுவது என்பதைப் பேசாமல் தொடங்கியவர்கள் அண்ணன் தம்பியானாலும் பேச்சுவார்த்தை நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் எழுதி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கையில் வேண்டிய பணம் (ஓடும் வள்ளம் = 100) | முதல் ஏலம் வரை | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| இருக்கிறபடியே | 65 கொடுத்தாலும் 110 வைத்திருக்க வேண்டும் | ஒரு வாரமும் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம் | அரை உயிர் எஞ்சின், போன நாட்கள் | பணமும் எஞ்சின் கைவேலையும் உள்ளவர் |
| சோதித்து வாங்குவது | 65க்கும் 85க்கும் இடையில் | இரண்டு மூன்று வாரம் | சோதனைச் செலவு, விற்பவர் மாறிவிடுவது | பெரும்பாலானோர் |
| வள்ளம் மட்டும் + புது எஞ்சின் | 95க்கு மேல் | ஒரு மாதம் போல | படுக்கை, ஷாஃப்ட், புரொப்பல்லர் | ஆழத்துக்குப் போகிறவர் |
| ஓடும் வள்ளம் | 100 | சில நாள் | விற்பதன் உண்மைக் காரணம் | மிச்சப் பணம் இல்லாதவர் |

அந்த எண்கள் என் எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பும்போதே பாதி முடிவு வந்துவிடும்.

## காகிதம் இல்லாத வள்ளம் எந்த விலைக்கும் வேண்டாம்

வள்ளத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவு எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ராமேஸ்வரம் பக்கத்துப் படகுகளில் டிஎன்-10 என்று பார்க்கலாம்; டிஎன்-08 என்றால் புதுக்கோட்டைப் படகு, பெயர் மாற்றத்துக்கு அங்கேயும் நடக்க வேண்டும். எஞ்சின் எண்ணை உலோகத் தகட்டில் படித்து, வாங்கிய ரசீதோடு ஒப்பிடுங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் அந்த எஞ்சின் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் நிற்கிறதா, மானியத்தில் வாங்கியதா என்பதையும் விற்பவர் சொல்லோடு விடாமல், மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பெயர் மாற்றத்தை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவதற்கு ஒரு விலை உண்டு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கான வரிவிலக்கு டீசலை வருடத்துக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். வள்ளம் பழைய பெயரிலேயே இருந்தால் அந்தச் சலுகைக்கு நீங்கள் பழையவரின் கையை எதிர்பார்க்க வேண்டும். கடலில் ஏதாவது நடந்தால் விசாரணையும் நிவாரணமும் அந்தப் பெயருக்குத்தான் போகும்.

எந்த வழியில் வாங்கினாலும் முதல் பயணத்துக்கு முன் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற இரண்டு எண்களையும் அணியத்தின் (வள்ளத்தின் முன்பகுதி) உட்பக்கம் பெயிண்டில் எழுதிவிடுங்கள். கைப்பேசி நனைந்தாலும் வேறு ஒருவருடையதில் அழுத்தலாம்.

காரங்காட்டுத் தம்பிக்கு 110 கையில் இல்லை. 80 இருக்கிறது, அதிலும் பாதி மாமனார் தந்தது. அவரை இரண்டாவது வழிக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். விற்பவரும் முணுமுணுத்துக்கொண்டே தாளில் எழுதத் தயார் என்றாராம். சனிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்புகிறோம். பேட்டரியும் ஐந்து லிட்டர் டீசலும் அவர் கொண்டுவருகிறார், நாணயமும் கத்தியும் என்னுடையது. தார்ப்பாயை நாங்கள் வரும்வரை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். காக்கை எச்சம் அப்படியே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.